முடிச்சக்கா ஒத்துக்கொண்டது என்ன

"அவளே ஒத்துக்கிட்டாளே, அப்புறம் என்ன பேச்சு?" என்கிறார்கள். ஒத்துக்கொண்டாள்தான், யார் இல்லை என்றது? அதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள். ஆனால் எதை ஒத்துக்கொண்டாள்? அந்தத் தாளில் இருந்த மூன்று வரியை இந்தத் தெருவில் ஒருவராவது படித்ததுண்டா? நரம்பில்லாத நாக்கு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரளும்.

எதிர்வீட்டுத் தையல்காரி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். "அண்ணன் சோத்தத் தின்னுட்டு அண்ணன் பொழப்புக்கே உலை வெச்சுட்டா" என்கிறாள். யார் சோற்றை யார் தின்றார்கள்? பத்தொன்பது வருஷமாக அந்தக் கடையை விட்டுப் போன ஒவ்வொரு பழைய ரேடியோவும், ரெக்கார்டு பிளேயரும், மரப்பெட்டி ஆம்ப்ளிஃபயரும் அவள் கையைத் தாண்டித்தான் வாசற்படி இறங்கின. அந்த வீட்டு அடுப்பு எரிந்ததில் பாதி நெருப்பு அவளுடையது. தையல்காரி வீட்டு ரேடியோவுக்கு ஒயர் மாற்றிக் கொடுத்தவளும் அவள்தான். அது இன்றைக்கும் பாடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே அவளைப் பேசுகிறாள் மகராசி.

கீழே கடை, கடைக்குப் பின்னால் வேலை அறை, மாடியில் வீடு. கடை முகப்பில் அண்ணன் உட்கார்ந்திருப்பான். தெருவில் அவனுக்கு வால்வு என்று பெயர். செத்துக் கிடக்கிற பழைய வால்வு ரேடியோவைத் தட்டி, காது வைத்துக் கேட்டு, ஒரு வால்வைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பாட வைத்துவிடுவான். கெட்டிக்காரன்தான், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டுக்கு மின்சாரம் வருகிற வழி இருக்கிறதே, ஒயர், பிளக், அது உள்ளே நுழைகிற துளை, அங்கெல்லாம் அவன் கை வைக்கமாட்டான். "அது செருப்புக்கு வார் தைக்கிற வேலை, பாப்பா. நீ பாத்துக்க" என்பான். தங்கைக்கு நாற்பத்து மூன்று வயதான பிறகும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

அவள் அந்த வேலைக்கு வந்ததே ஒரு கரண்டு அடியால். இருபத்து நாலு வயதில் அண்ணன் பழுது பார்த்து வைத்திருந்த ஓர் ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கப் போனாள். ஒயரின் ரப்பர் உள்ளுக்குள்ளேயே பொரிந்து, காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து, செம்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. கை பட்டதும் கரண்டு அவளைச் சுவரோரம் தூக்கிப் போட்டது. இரண்டு நாள் இடது கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அண்ணன் சிரித்தான். "பாட்டு நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டான். மூன்றாம் நாள் அவளே அந்தப் பெட்டியைத் திறந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

அவள் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய ஒயரை உள்ளே வரைக்கும் துரத்திப் போய் வேரோடு எடுப்பாள். நடுவில் வெட்டி ஒட்டுப்போடும் பேச்சே கிடையாது. துளைக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, புது ஒயரை நுழைத்து, உள்பக்கம் ஒரு முடிச்சுப் போடுவாள். பிறகுதான் சால்டர் வைத்துப் பற்றவைப்பாள். முடிச்சு எதற்கு என்றால், வெளியே யாராவது இழுத்தால் இழுப்பு முடிச்சோடு நின்றுவிடும், உள்ளே பற்றவைத்த இடத்துக்குப் போகாது. எல்லாம் முடிந்ததும் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மேசையில் ஊன்றி, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து ஓர் இழுப்பு இழுப்பாள்.

"ஏம்மா, ரேடியோவா மாடா? இப்படி இழுக்கற?" என்று ஒரு வாடிக்கைக்காரர் பதறினார்.

"ராத்திரி தடுக்கி விழுந்தா நீங்க இதைவிட வேகமா இழுப்பீங்க, ஐயா. அப்ப பிய்யறதுக்கு இப்பவே பிய்யட்டும்."

அந்த முடிச்சால்தான் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர் வந்தது. தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? "தனக்கு விழ வேண்டிய முடிச்சு விழல, ரேடியோவுக்கெல்லாம் போட்டுட்டிருக்கா" என்று அதற்கும் ஒரு சொல். அவள் காதில் விழுந்தது. "நான் போடறது அவிழாது, அதச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேலை முடிந்த செட்டின் பின்பக்கம், ஒயர் வெளியே வருகிற இடத்தில், வெள்ளைத் துணி டேப்பில் ஒரு சின்னத் துண்டு ஒட்டுவாள். அதில் பேனாவால் ஒரு முடிச்சுப் படம். அவ்வளவுதான் அவள் முத்திரை. பழைய சாமான் சேர்க்கிறவர்கள் செட்டைத் திருப்பி முதலில் அதைத்தான் தேடுவார்கள். அண்ணனும் அதைக் காட்டித்தான் விற்பான். "தங்கச்சி கை பட்டது. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

இதில் அவள் தப்பு ஒன்று உண்டு. சால்டர் பிடித்த பிறகு விரலெல்லாம் கருத்துப் பிசுபிசுக்கும், டேப்பில் அழுக்குப் படியும் என்று காலையிலேயே ஐந்தாறு துண்டில் படம் வரைந்து மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வாள். வேலை முடிய முடிய ஒவ்வொன்றாக உரித்து ஒட்டுவாள். வெறுங்காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் திறந்த அறையில் வைத்த மாதிரிதான் அது. ஆனால் அந்த அறைக்குள் வருகிறவர்கள் யார்? அண்ணன், அண்ணி. வீட்டுக்குள்ளேயே யார் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிவார்கள்?

அண்ணியைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் மாதம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுவாள். நாத்தனார்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டம்ளர் டீயை இரண்டு பேருமாகக் குடித்து, அவளைச் சிரிக்க வைத்தாள். பெட்டிக்குள் இருட்டாக இருந்தால் டார்ச் பிடிப்பது அண்ணி. பழைய ஒயரை உரித்துச் செம்பைத் தனியே எடுப்பது அண்ணி. "உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு நான் கண்ட ஒரே சுகம் நீதாண்டி" என்பாள். அதையும் உண்மை என்றுதான் முடிச்சக்கா நம்பினாள். யார்தான் நம்பமாட்டார்கள்?

அப்போதுதான் அந்த விடுதிக்காரர் வந்தார். பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக்கிக்கொண்டிருந்தார். அறைக்கு ஒரு பழைய ரேடியோ, அதுவும் பாடுகிற ரேடியோ வேண்டும், மொத்தம் பத்து, திறக்கிற நாள் வியாழக்கிழமை என்றார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முடிச்சக்கா ஆறு செட்டை முடித்தாள். மீதி நாலும் சின்னப் பழுப்பு ரேடியோக்கள். அவற்றை மட்டும் ஒதுக்கி வைத்தாள்.

"இந்த நாலும் வேற ஜாதி, அண்ணா. உள்ள இருக்கற இரும்புச் சட்டத்துலயே கரண்டு ஒரு பக்கம் ஓடுது. பிளக்க ஒரு மாதிரி குத்தினா சட்டம் சும்மா இருக்கும், திருப்பிக் குத்தினா சட்டமே கடிக்கும். ஒரே பக்கமா மட்டும் ஏறுற பிளக் வேணும். அடுத்த திங்கள்தான் வரும்னு சொல்லிட்டாங்க."

"வெளியில மரப்பெட்டி இருக்கே. சட்டத்த யாரு தொடப் போறா?"

"திருகற குமிழ் கழண்டுச்சுன்னா? குமிழுக்குள்ள இருக்கற கம்பி சட்டத்தோட சேர்ந்தது."

"வியாழன் திறப்பு, பாப்பா."

"ஆறு கொடு. நாலு அப்புறம் வரும்னு சொல்லு."

"சரி தாயே, நீ சொன்னா சரி" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தான்.

புதன்கிழமை அவளுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு மாதமாகத் தள்ளிப் போட்ட பல். போய்விட்டு வந்து, கன்னம் வீங்கி, மாத்திரை போட்டு மாடியில் படுத்துவிட்டாள். வியாழக்கிழமை மதியம் இறங்கி வந்து பார்த்தால் பழுப்பு ரேடியோ நாலும் இல்லை.

"நாலும் அடுத்த வாரம்னு அவர்கிட்ட சொல்லியாச்சு. தூசி படியுதுன்னு அடுத்த தெருக் கிடங்குல வெச்சிருக்கேன். பிளக் வரட்டும், எடுத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

மேசை விளிம்பில் அவள் வரைந்து வைத்திருந்த ஐந்து டேப்பில் ஒன்றுதான் இருந்தது. அண்ணியைக் கேட்டாள்.

"ஐயோ, நான்தான்டி. மேசையத் துடைச்சேன், ஒட்டிக்கிட்டே வந்துச்சு, கசக்கிப் போட்டுட்டேன். திட்டாத" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு வீங்கின கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "கஞ்சி தரட்டா?"

குடித்தாள். பிளக் சொன்னபடி வரவில்லை, இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கிடங்குப் பக்கம் போக அவளுக்கு வேலையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும். விடுதிக்காரரும் மின்துறை அதிகாரி ஒருவரும் கடைக்குள் வந்தார்கள். விடுதிக்காரர் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசையில் வைத்துப் பிரித்தார். சின்னப் பழுப்பு ரேடியோ. ஒரு குமிழைக் காணோம், கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் வெள்ளை டேப்பில் முடிச்சுப் படம்.

அறை துடைக்கிற பெண் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்திருக்கிறாள். திருப்பிக் குத்தும்போது பிளக் மறுபக்கமாக ஏறிவிட்டது. ஈரக் கை அந்தக் கம்பியில் பட்டிருக்கிறது. தூக்கி எறிந்ததில் மணிக்கட்டு முறிந்து, உள்ளங்கை வெந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிர் தப்பியது அவள் அம்மா செய்த புண்ணியம்.

"ஒயர் மாத்தறது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"என் தங்கச்சிதாங்க. பத்தொன்பது வருஷமா அவதான். நான் அதுல கையே வைக்கறதில்ல" என்றான் அண்ணன்.

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதுதான் அதில் இருந்த விஷம்.

முடிச்சக்கா வேலை அறையிலிருந்து வந்து ரேடியோவைப் பார்த்தாள். கிடங்கில் இருக்கவேண்டிய ரேடியோ. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே பழைய ஒயரின் ஒரு சாண் மிச்சம், அதன் நுனியில் புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. முடிச்சு இல்லை. சாதாரண பிளக்.

"இது என் கை இல்லைங்க."

"பின்னால ஒட்டியிருக்கற சீட்டு உங்களுதா?"

"சீட்டு என்னுது. ஒட்டினது நான் இல்ல."

"அப்ப யாரு?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். வேலை அறை வாசலில் நின்ற அண்ணியை முடிச்சக்கா பார்த்தாள். அந்த மேசைக்கு டார்ச் பிடித்தவள். ஒட்டுப்போட்ட ஒயர் இந்தக் கை வேலை இல்லை என்று பார்த்தவுடனே சொல்லக்கூடியவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அண்ணி இரண்டு அடி முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது.

"சார், அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லா செய்யறவதான். அன்னிக்குப் பல்லு பிடுங்கிட்டு வந்து, மாத்திரை மயக்கத்துல செஞ்சா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். பாவம், அவளுக்கே ஞாபகம் இல்ல போல."

எதிரி சொல்லியிருந்தால் பல்லை உடைத்திருப்பாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். அந்தக் கை முதுகில் இருக்கும்போதே முடிச்சக்காவுக்கு மேசை விளிம்பும், கசக்கிப் போட்ட டேப்பும், கஞ்சியும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிட்டன. கத்தியிருக்கலாம். கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"மீதி மூணும் எங்க இருக்கு?"

"எந்த மூணு?" என்றார் அதிகாரி.

"இதே மாதிரி பழுப்பு செட்டு. நாலுமே போயிருக்கணும். அதுங்களும் இப்படித்தான் இருக்கும். இப்பவே பிடுங்கணும்."

விடுதிக்காரர் குதித்தார். "ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டதா? ரூம்ல ஆள் தங்கியிருக்காங்க. போய்க் கதவத் தட்டி, ரேடியோ உங்களக் கடிக்கும்னு சொல்லவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்மா, மூணும் சரியில்லன்னு?" என்று அதிகாரி அவளையே கேட்டார்.

"நான் இன்னும் ஒயர் மாத்தலையே."

"மாத்தாமலே சீட்டு ஒட்டி அனுப்பினீங்களா?"

இதற்கு என்ன பதில்? நீங்களே சொல்லுங்கள். இல்லை என்றால், யார் ஒட்டினது என்று முதலிலிருந்து தொடங்கவேண்டும். வீட்டில் மூன்று பேர், இரண்டு பேர் ஒரு பேச்சு. அதிகாரிக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அம்மா, உங்க வீட்டுச் சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. வேலைக்குப் பொறுப்பானவங்க எழுதிக் கொடுத்தா நான் இப்பவே போய் மூணையும் கழட்ட முடியும். இல்லன்னா எல்லாத்தையும் சோதனைக்கு எழுதிப் போட்டு, முறை வரும்போதுதான் ஆள் வரும். பத்து நாளும் ஆகும்."

பத்து நாள். தினமும் யாரோ ஒருத்தி ஈரத்துணியோடு அந்த அறைகளுக்குள் போவாள்.

அண்ணன் அவள் காதருகே குனிந்து, "வாய மூடிட்டு இரு பாப்பா. மூணும் திரும்பி வந்தா கடையே போச்சு" என்று முணுமுணுத்தான். அப்போதும் அவனுக்குக் கடைதான்.

அவள் தாளை வாங்கி எழுதினாள். "என் சீட்டு ஒட்டிய நான்கு பழுப்பு ரேடியோக்களும் மின்சாரத்தில் இணைக்கத் தகுதியற்றவை. உடனே அகற்ற வேண்டும். இந்தக் கடையில் ஒயர் வேலைக்குப் பொறுப்பு நான்." மூன்றே வரி, அதில் ஒரு சொல் பொய் இல்லை. நான் ஒட்டினேன் என்று எழுதவில்லை. நான் செய்தேன் என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டரை எடுத்துக்கொண்டு அதிகாரியோடு வண்டியில் ஏறினாள். விடுதியில் மூன்று அறைக்கும் அவளே போய், மூன்று ஒயரையும் செட்டை ஒட்டினாற்போல வெட்டினாள். அதற்கு மேல் யார் குத்தினாலும் ஒன்றுமில்லை. திரும்பும்போது ஆஸ்பத்திரிக்கும் போனாள். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா அந்த ஒயர்க்காரி?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அந்தக் கைக்கு முன்னால் நின்றுகொண்டு தன் பெயரைத் துடைக்கிறாள் என்று ஆகும். நின்றுவிட்டு வந்தாள்.

தெருவுக்கு இது போதுமே. அன்று மாலைக்குள் "எழுதிக் குடுத்துட்டாளாம்" என்று வீடு வீடாகப் போய்விட்டது. துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: அவள் இனிமேல் மின்சார வேலையில் கை வைக்கக்கூடாது. அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கை, அதோடு சரி. கடை ஒரு வாரம் மூடிக் கிடந்து திறந்தது. அவளை நம்பி வாங்கினவர்கள் சிலர் செட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் போட்ட முடிச்சு அதற்குள் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தால்தானே தெரியும்.

அந்த ஒரு வாரமும் அவள் அண்ணன் அண்ணியோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். அவர்கள் வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தாள். தெருவில் நின்று சொல்லவேண்டாம், வீட்டுக்குள் சொன்னால் போதும். அதுதான் அவள் கேட்டது, வேறொன்றும் இல்லை.

எட்டாம் நாள் மதியம் சாப்பிடும்போது அண்ணன் தொண்டையைச் செருமினான். "இப்ப கொஞ்சம் அடங்கிடுச்சு. நீ பழையபடி பின்னால உக்காந்து செய், யாரு வந்து பாக்கப் போறா? சீட்டு மட்டும் ஒட்டாத. உங்க அண்ணி பேர்ல ஒரு லைசென்ஸ் எடுத்துடலாம்."

முடிச்சக்கா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு டேப்ப உரிச்சுக் கொடுத்தது நீங்கதானே, அண்ணி?"

அண்ணி பரிமாறுகிற கையை நிறுத்தவில்லை. "உனக்காகத்தான்டி பல்லு வலின்னு சொன்னேன். மயக்கத்துல செஞ்சான்னா பாவம்னு விட்டுடுவாங்க. உங்க அண்ணன் மாட்டினா கடை போயிடும். உனக்கென்ன, ஒத்த ஆளு. குடும்பம்னா ஒருத்தர் தோள் கொடுக்கறதுதான்."

உனக்கென்ன, ஒத்த ஆளு. பதினைந்து வருஷம் ஒரே டம்ளரில் டீ குடித்தவள் சொன்னது.

முடிச்சக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவிக் கவிழ்த்தாள். அன்றைக்கு மாலையே ஒரு பையில் துணிகளையும் தன் குறடு இரண்டையும் போட்டுக்கொண்டாள். வேறு எதையும் தொடவில்லை.

மறுநாள் காலை கடை திறந்த பிறகுதான் இறங்கினாள். ஒளிந்து போகவேண்டிய அவசியம் அவளுக்கு என்ன? கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மரப்பெட்டி ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. முடிச்சக்கா பின்படியில் வருவதை அண்ணன் கவனிக்கவில்லை.

"தைரியமா எடுத்துட்டுப் போங்க, சார். எங்க தங்கச்சி கை பட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் நின்றாள். ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளை டேப். அதில் முடிச்சுப் படம். அவள் முடிச்சை இடமிருந்து வலமாகச் சுழித்து வரைவாள். இது வலமிருந்து இடமாக, நடுங்கின கோட்டில் இருந்தது.

"அந்தத் தங்கச்சி நான்தாங்க" என்றாள் வந்தவரிடம். "இதுல என் கை இல்ல. இனிமே இந்தக் கடையில எதுலயும் இருக்காது. உள்ள திறந்து பாக்காம எதையும் வாங்காதீங்க."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "பாப்பா, வாடிக்கைக்காரர் முன்னால..." என்று ஆரம்பித்தான். அவன் முடிக்கட்டும் என்று அவள் நிற்கவில்லை.

கடை வாசலில், ஒரு கையில் துடைப்பத்தோடு அண்ணி நின்றிருந்தாள். இவள் பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் இருந்தது. கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாள். முடிச்சக்கா படி இறங்கிப் போனாள்.